முள்ளெலித் தலைக்கு இரண்டு பென்னி

1566-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு முள்ளெலியின் தலைக்கு விலை இரண்டு பென்னி. மீன்கொத்தியின் தலைக்கு ஒரு பென்னி. பழமரங்களின் மொட்டைக் கொறிக்கும் புல்ஃபிஞ்ச் என்ற செம்மார்புக் குருவிக்கும் ஒரு பென்னிதான். காக்கை கொஞ்சம் மலிவு. மூன்று தலை கொடுத்தால் ஒரு பென்னி கிடைக்கும். ஸ்டார்லிங் என்று நம் மைனாவுக்குப் பங்காளி முறையான ஒரு பறவை இருக்கிறது. அது மகா மலிவு. பன்னிரண்டு தலை சேர்த்துக் கொண்டு போனால்தான் ஒரு பென்னி.

இது சந்தை விலைப்பட்டியல் அல்ல, சட்டம். முதலாம் எலிசபெத் ராணியின் பார்லிமெண்டு அந்த வருஷம் நிறைவேற்றிய தானியப் பாதுகாப்புச் சட்டத்தில், எந்தப் பிராணியின் தலைக்கு எவ்வளவு என்று இப்படி வரிசையாக எழுதியிருந்தது. ஊரில் நிலம் உள்ளவர்களிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தை மாதாகோவில் தர்மகர்த்தாக்களின் பொறுப்பில் வைத்தார்கள். வேட்டையாடியவன் தலைகளையோ முட்டைகளையோ கொண்டு வந்து கொடுக்க வேண்டும். தர்மகர்த்தா எண்ணிப் பார்த்துக் காசைக் கொடுப்பார். ஒரே தலையை இரண்டு ஊரில் காட்டிக் காசு வாங்கி விடக்கூடாது அல்லவா? அதற்காக அவற்றை அங்கேயே எரித்துவிடவோ வெட்டிப் போடவோ வேண்டும் என்றும் சட்டத்தில் கண்டிருந்தது. மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய சட்டம்!

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டு வரும் அதே வாசலில் திங்கட்கிழமை முள்ளெலித் தலைகள் எண்ணப்பட்டன. கோவில் கணக்குப் புத்தகத்தில், மணி அடிக்கும் கயிறு வாங்கிய செலவும் கூரைக்கு ஈயத் தகடு போட்ட செலவும் எழுதிய பக்கத்திலேயே இந்தச் செலவையும் எழுதினார்கள். அந்தப் புத்தகங்கள் பல ஊர்களில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் முள்ளெலியின் பெயர் பெரும்பாலும் 'அர்ச்சின்' என்று இருக்கும். இன்று ஆங்கிலத்தில் தெருவில் திரியும் போக்கிரிப் பையனுக்கு அந்தப் பெயர். முள்ளெலிக்கு இட்ட பழைய பெயர் பையனிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

முள்ளெலி என்றதும் சிலர் முள்ளம்பன்றியை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. இது ஒரு கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய சாது. பயந்தால் பந்தாகச் சுருண்டு கொள்ளும். நம் நாட்டிலும் கோயமுத்தூர், திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட காடுகளில் இதன் தாயாதி ஒன்று உண்டு. புழு, வண்டு, நத்தைதான் இதற்கு ஆகாரம். தானியத்தைத் தொடுவதே இல்லை. பின் ஏன் தானியப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம், அதுவும் மீன்கொத்தியைவிட இரட்டிப்பு விலை?

இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் இது வாய் வைத்துப் பாலைக் குடித்துவிடுகிறது என்று ஒரு நம்பிக்கை. பசுவின் காம்பு நுழையும்படியான வாய் இந்தப் பிராணிக்குக் கிடையாது. பசு கிடந்த இடத்தில் ஈரப் புல்லில் நெளியும் பூச்சிகளைத் தேடி அது வந்திருக்கும். காலையில் மடி வற்றியிருந்தால் யார் மேலாவது பழி போட வேண்டுமே! ராத்திரியில் நடமாடுகிறவன், முகத்தைக் காட்டாதவன், கேட்டால் பதில் சொல்லாமல் சுருண்டு கொள்கிறவன் — சந்தேகத்துக்கு இதைவிட லட்சணம் வேண்டுமா? செஷயர் ஜில்லாவில் பன்பரி என்ற ஒரே ஊரில், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முப்பத்தைந்து வருஷத்துக்குள் 8,000-க்கு மேற்பட்ட முள்ளெலிகளுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கோவில் கணக்குகளைத் தேடித் தேடிப் படித்து 2007-ல் ஒரு புத்தகம் எழுதிய ரோஜர் லவ்குரோவ் என்பவர், 1660-க்கும் 1800-க்கும் இடையில் மட்டும் சுமார் ஐந்து லட்சம் முள்ளெலிகள் இப்படிப் போயிருக்கும் என்று மதிப்பிட்டார். சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 1863-ல்.

இவ்வளவு கொன்றும் முள்ளெலி அழிந்துவிடவில்லை. அது எப்படிப் பிழைத்தது என்பதற்குப் பதில் வேலியோரத்துக் குப்பையில் இருக்கிறது.

இங்கிலாந்தின் இலையுதிர் காலத்தை நாம் புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம். நமக்கு ஐப்பசி வந்தால் அடைமழை. அவர்களுக்கு அக்டோபர் வந்தால் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகி, இலைகள் பாய் விரித்தாற்போலக் கொட்டிவிடும். அடுத்த நாலைந்து மாதம் பூச்சி கிடையாது, புழு கிடையாது. மண் உறைந்து கிடக்கும். முள்ளெலி என்ன செய்யும்? நவம்பர் வாக்கில், உதிர்ந்த இலைகளை வாயால் கவ்விக் கவ்விக் கொண்டு போய் ஒரு புதரடியில் குவிக்கும். குவியலுக்குள் புகுந்து சுற்றிச் சுற்றித் திரும்பும். அந்தச் சுழற்சியில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, புத்தக ஏடு அடுக்கினாற்போல, மழையும் பனியும் இறங்காத சுவராகிவிடும். அதற்குள் மார்ச் வரையில், சில சமயம் ஏப்ரல் வரையில், யோகிபோல் கிடக்கும். விழித்திருக்கையில் நிமிஷத்துக்கு 190 தடவை அடிக்கிற இருதயம், அப்போது 20 தடவை அடித்தால் அதிகம். அந்த இலைக் குவியல் கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் இல்லை.

ஆகவே, ஒரு தோட்டக்காரன் அக்டோபர் மாதத்தில் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறானா, எடுக்காமல் விடுகிறானா என்பதில் ஓர் உயிரின் விதி அடங்கியிருக்கிறது. முள்ளெலிக்கு மட்டும் அல்ல. பூத்து முடிந்து காய்ந்து நிற்கும் செடியை வெட்டாமல் விட்டால் அதன் விதை குருவிக்கு ஆகாரம். அதன் குழல் போன்ற தண்டு வண்டுகளுக்கு வீடு. சுவரில் படரும் ஐவிக் கொடியை வெட்டாமல் விட்டால், மற்றப் பூவெல்லாம் முடிந்த பிறகு தேனீக்களுக்கு அதுதான் கடைசிப் பந்தி. குளிர்கால முடிவில் அதன் கனி பறவைகளுக்கு. கீழே விழுந்த ஆப்பிளைப் பொறுக்காமல் விட்டால், நார்வே, ஸ்வீடன் பக்கத்திலிருந்து குளிருக்குப் பயந்து கடல் தாண்டி வரும் பறவைகளுக்கு அன்னசத்திரம். தோட்டத்தில் பிற உயிர்களுக்கு இடம் தரும் வேலை முக்கால்வாசியும் செய்யாமல் விடுகிற வேலைதான். இது சோம்பேறிகளுக்குப் பிடித்த தத்துவம் என்று தோன்றலாம். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள நானூறு வருஷம் பிடித்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்லவே, அதனால் இருக்கலாம்!

இதை முதலில் கவனித்தவர் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே வாழ்ந்த ஒரு பாதிரியார். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்தைச் சேர்ந்த கில்பர்ட் ஒயிட். கல்யாணம் செய்துகொள்ளாமல், ஊரைவிட்டு அதிகம் நகராமல், தம் தோட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழித்தவர். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1789-ல் புத்தகமாக வந்தன. தம் தோட்டத்தில் முள்ளெலி நிறைய இருப்பதை 1770-ல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். பிடித்துக் கொடுத்தால் இரண்டு பென்னி என்று இருந்த பிராணி அது! பாதிரியார் அதைப் பிடிக்கவில்லை. அது எப்படித் தின்கிறது, குளிர்காலத்துக்கு இலையும் பாசியும் கொண்டு எப்படிப் படுக்கை போடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அவருடைய அத்தை வளர்த்த ஓர் ஆமை, அத்தை காலமான பிறகு 1780-ல் இவர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பெயர் டிமதி. ஒவ்வொரு நவம்பரிலும் அது மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும் அழகை, கடிகாரத்தின் முள் நகர்வதைப் பார்க்கிற பொறுமையோடு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1793-ல் ஒயிட் இறந்தார். மறு வருஷம் ஆமையும் இறந்தது. ஓட்டைச் சோதித்துப் பார்த்ததில் டிமதி பெண் என்று தெரிய வந்தது. ஆண்பெயரைச் சுமந்துகொண்டு அவ்வளவு காலம் மறுப்புச் சொல்லாமல் இருந்த அந்த ஜீவனின் ஓடு இப்போது லண்டன் இயற்கைச் சரித்திர மியூசியத்தில் இருக்கிறது.

ஒயிட் பார்த்தார், எழுதினார்; அவ்வளவுதான். பிராணிகளுக்காக மதில் எழுப்பியவர் இன்னொருவர். யார்க்ஷயரில் வால்ட்டன் ஹால் என்ற மாளிகையின் சொந்தக்காரர், சார்ல்ஸ் வாட்டர்ட்டன் (1782-1865). இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை நாவலாகிவிடும். தென் அமெரிக்கக் காடுகளில் வெறுங்காலோடு திரிந்தவர். ஒரு முதலையின் முதுகில் ஏறி உட்கார்ந்தவர். பணக்காரர்; ஆனால் வெறும் தரையில், மரக்கட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்.

1821 முதல் 1826 வரை தம் எஸ்டேட்டைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு மதில் கட்டினார். மிகக் குறைந்த இடத்தில் எட்டு அடி. சில இடங்களில் பதினாறு அடி உயரம். நரியும் வேட்டைக்காரனும் உள்ளே வரக்கூடாது. உள்ளே துப்பாக்கிச் சத்தம் கேட்கக்கூடாது. இவ்வளவு செலவுக்குப் பணம் ஏது என்று கேட்டவர்களுக்கு, தாம் குடிக்காமல் விட்ட ஒயின் எல்லாம் மதிலாகி நிற்கிறது என்று அர்த்தம் வரும்படி பதில் சொன்னாராம். மற்ற ஜமீன்தார்கள் பட்டுப்போன மரத்தை வெட்டி விறகாக்கினார்கள். இவர் பொந்து விழுந்த மரத்தைப் பொக்கிஷம் மாதிரி காத்தார். இடிந்த பழைய வாசலில் 1813-லேயே கூகைக்கென்று ஒரு வீடு கட்டினார். கூகை அலறினால் வீட்டில் சாவு என்று வேலைக்காரர்கள் நடுங்கிய காலம் அது; அந்த விஷயத்தில் யார்க்ஷயருக்கும் நம் ஊருக்கும் வித்தியாசம் இல்லை. ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து குடியிருக்கும் தகைவிலான் குருவிக்காக, சுவரில் குழாய்கள் பதித்துச் செயற்கைக் கரையே அமைத்துக் கொடுத்தார்.

எல்லா ஜீவன்களிடத்தும் அன்பு என்று சொல்லிவிட முடியாது. பழுப்பு எலி என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. ஜெர்மனியிலிருந்து வந்த ஹானோவர் ராஜவம்சத்தோடு கப்பலேறி வந்த எலி அது என்று சாதித்தார். கத்தோலிக்கராகிய அவருக்கு அந்த ராஜவம்சத்தின் மேல் இருந்த கோபம் முழுவதும் எலியின் தலையில் விடிந்தது. காருண்யத்துக்கும் ஒரு கட்சி உண்டு போலும்.

மதில் நரியைத் தடுத்தது, புகையைத் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலை வந்தது. அதன் ஆவி பட்டு மரங்கள் கருகின. ஓடைத் தண்ணீர் கெட்டது. கிழவர் வருஷக்கணக்கில் வழக்காடினார். அவர் காலத்துக்குப் பின் எஸ்டேட் கைமாறியது. ஒரு மனிதன் தன் பணத்தையும் பிடிவாதத்தையும் கொண்டு கட்டிய சொர்க்கம் அவன் ஆயுசோடு சரி.

ஆனால் கூடுகட்டும் பெட்டி, பட்ட மரம், துப்பாக்கி இல்லாத தோட்டம் என்ற யோசனைகள் மதிலைத் தாண்டி வெளியே போய்விட்டன. 1870-ல் வில்லியம் ராபின்சன் என்ற ஐரிஷ் தோட்டக்காரர், ஜமக்காளம் விரித்தாற்போலப் பூக்களை அணிவகுத்து நிறுத்தும் வழக்கத்தைக் கண்டித்து, செடிகளை அவற்றின் போக்கில் விட வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1889-ல், தொப்பிக்கு இறகு வைத்துக்கொள்ளப் பறவைகளைக் கொல்வதை எதிர்த்துச் சில பெண்மணிகள் மான்செஸ்டரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுவே பிற்பாடு ராஜாங்கப் பட்டயம் பெற்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. 1890-91 குளிர்காலம் மிகக் கொடுமையாக இருந்தது. குருவிகள் செத்து விழுந்தன. பறவைகளுக்கு ஏதாவது போடுங்கள் என்று பத்திரிகைகள் ஜனங்களைக் கேட்டுக்கொண்டன. ஜனங்கள் போட்டார்கள், அந்த வருஷத்தோடு நிறுத்தவும் இல்லை. இருபது வருஷத்துக்குள், 1910-ல், பறவைக்குத் தீனி போடுவது தேசியப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது என்று 'பஞ்ச்' பத்திரிகை எழுதும்படி ஆயிற்று.

அதே காலத்தில் ஜெர்மனியில், துரிங்கியா மாகாணத்து ஸீபாக் கிராமத்தில், ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ் என்ற பிரபு இதைச் சாஸ்திரமாகவே செய்துகொண்டிருந்தார். மரங்கொத்தி குடையும் பொந்தை அளவெடுத்து, அதே மாதிரி பெட்டிகள் கடைந்து, ஆயிரக்கணக்கில் தம் காட்டில் தொங்கவிட்டார். 1905-ம் வருஷ வசந்தத்தில் அங்கே ஹைனிக் காட்டில் ஒருவகைக் கம்பளிப்புழு விழுந்து, சதுரமைல் கணக்கில் ஓக் மரங்களை இலையில்லாமல் மொட்டையடித்துவிட்டது. பெர்லெப்ஷின் காடு மட்டும் நடுவில் பச்சைத் தீவாக நின்றதாம். குருவிகள் வாடகை கொடுத்துவிட்டன! அவர் முறைகளைச் சொல்லும் புத்தகம் 1908-ல் இங்கிலீஷிலும் வந்தது.

அந்த 1905-ல்தான் இங்கிலாந்தில் முள்ளெலிக்கும் நல்லகாலம் பிறந்தது. பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார். மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. அதில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யும் ஒரு சலவைக்காரி. குல்லாய்க்கு உள்ளிருந்து முள் எட்டிப் பார்க்கும். திருமதி டிக்கிவிங்கிள் என்று பெயர். பாட்டர் ஒரு முள்ளெலியை வளர்த்து, அதைப் பார்த்தே படம் போட்டார். முந்நூறு வருஷம் தலைக்கு விலை வைத்திருந்த பிராணி ஒரு கதையில் நல்ல அம்மாளாகிவிட்டது. கதை எழுதுகிறவர்களால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மனம் மாறிய ஜனங்கள் முள்ளெலிக்கு என்ன கொடுத்து உபசரித்தார்கள் தெரியுமா? கிண்ணத்தில் பாலும் ரொட்டியும். பால் திருடி என்று கொன்றவர்களின் பேரப்பிள்ளைகள், பால் குடிக்கட்டும் என்று வைத்தார்கள். இரண்டும் தப்பு. பால் அதற்கு ஜீரணம் ஆகாது, வயிற்றைக் கெடுத்துவிடும். தண்ணீரும் கொஞ்சம் இறைச்சித் தீனியும் போதும் என்று இப்போது சொல்லுகிறார்கள்.

நேசம் பிறந்தாலும் சண்டை வந்தால் அது முதலில் பறவைக்குத்தான் தெரியும். முதல் மகாயுத்தத்தில் தானியக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, சர்க்கார் பழைய புத்தியைத் தூசி தட்டி எடுத்தது. 1917-ல் ஊர் ஊராக 'எலி, குருவிச் சங்கங்கள்' ஏற்பட்டன. பன்னிரண்டு குருவித் தலைக்கு மூன்று பென்னி. மூன்றரை நூற்றாண்டு கழித்து அதே பேரேடு!

இரண்டாவது யுத்தத்தில் உணவை வீணாக்குவதே குற்றமாயிற்று. புல்தரையைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். 1943-ம் வருஷம் ஜனவரியில், லண்டனுக்கு வடக்கே பார்னெட் ஊர்க் கோர்ட்டில் ஒரு சீமாட்டியையும் அவள் வீட்டு வேலைக்காரியையும் கொண்டு வந்து நிறுத்தினார்கள். வேலைக்காரி தோட்டத்தில் பறவைகளுக்கு ரொட்டி போட்டதை இரண்டு தடவை பார்த்தவர்கள் இருந்தார்கள். பறவைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தம்மால் முடியவில்லை என்றும், தினமும் ரொட்டி வைப்பது உண்மைதான் என்றும் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டாள். எஜமானிக்குப் பத்துப் பவுன் அபராதம், அதற்குமேல் இரண்டு கினி செலவுத்தொகை. வேலைக்காரிக்கு ஐந்து ஷில்லிங். பத்துப் பவுன் என்பது அப்போது ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைவிட அதிகம்.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீதிபதிகளின் மேல் கோபம் வருவதில்லை. கடலில் மாலுமிகள் உயிரைக் கொடுத்துக் கொண்டு வந்த கோதுமை அது. அந்த அம்மாள் மேலும் வருவதில்லை. காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் இலையில் உட்காராத பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோமே! ரேஷன் காலத்தில் அந்த ஒரு பிடியை வைக்காதே என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அந்த வேலைக்காரியின் ஐந்து ஷில்லிங்கை யார் கட்டினார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருக்கிறது.

யுத்தம் முடிந்தது. இனிமேல் குருவித் தலைக்குக் காசு கிடையாது. 1954-ல் பறவைகளைப் பாதுகாக்க விரிவான சட்டமே வந்தது. ஆனால் அப்போதுதான் விஷ மருந்துப் புட்டியும், மோட்டார் வைத்த புல்வெட்டும் இயந்திரமும் வீட்டுக்கு வீடு வந்தன. தோட்டம் என்றால் வரவேற்பறை மாதிரி துடைத்து வைத்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. நத்தையைக் கொல்ல மருந்து, புழுவைக் கொல்ல மருந்து, களைக்கு மருந்து. உதிர்ந்த இலையைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது நல்ல குடும்பஸ்தனின் லட்சணம்.

தீ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துவது போல, அவர்களும் நவம்பர் 5-ந் தேதி இரவில் ஊர் ஊராகக் கட்டை குவித்து எரிப்பார்கள். 1605-ல் பார்லிமெண்டை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதன் ஞாபகார்த்தம். அக்டோபர் முழுவதும் பிள்ளைகள் விறகும் சருகும் சேர்த்துக் குவியல் வளர்ப்பார்கள். முள்ளெலி படுக்கை தேடுவதும் அதே மாதத்தில். இதைவிட அருமையான குவியல் அதற்கு எங்கே கிடைக்கும்? உள்ளே போய்ச் சுருண்டு கொள்ளும். ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டு கொள்வதுதான் அதற்குத் தெரிந்த வித்தை. நரியிடம் பலிக்கும் வித்தை தீயிடம் பலிக்குமா? கொளுத்துவதற்கு முன் அடியில் ஒரு தடவை பாருங்கள், கூடுமானால் அன்றைய தினமே குவியலை இடம் மாற்றி அடுக்குங்கள் என்று இப்போது வருஷா வருஷம் சொல்லி வருகிறார்கள்.

துடைத்து வைக்கிற இந்தப் பழக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் இருவரை முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் இயன் நியூட்டன். 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தவர். ஒரு பென்னிக் குற்றவாளியாகிய புல்ஃபிஞ்ச் குருவியின் வழக்கை அவர் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டார். அது மொட்டுத் தின்பது உண்மைதான். பேரி மரத்தில் உட்கார்ந்தால் நிமிஷத்துக்கு முப்பது மொட்டு வரை போய்விடும். ஆனால் எப்போது தின்கிறது? குளிர்காலத்தில் ஆஷ் மரத்து விதையும் களைச்செடிகளின் விதையும் இருக்கும் வரையில் அது பழத்தோட்டத்தை அவ்வளவாகத் தேடி வருவதில்லை. விதை காய்க்காத வருஷத்தில், அல்லது விதை தீர்ந்தபின், மொட்டுக்கு வருகிறது. மொட்டில் சத்து குறைவு. வேறு வழியில்லாதவனின் சாப்பாடு. எலிசபெத் ராணியின் பார்லிமெண்டு குற்றத்தைப் பார்த்தது, பசியைப் பார்க்கவில்லை.

இன்னொருவர் ஜென்னிஃபர் ஓவன். லெஸ்டர் நகரத்தில், சாலையோரத்தில், அக்கம்பக்கம் எல்லாம் வீடு நெருங்கிய ஒரு சாதாரண வீட்டுத் தோட்டம் அவருடையது. பூச்செடி, காய்கறிப் பாத்தி, புல்தரை எல்லாம் உண்டு. விஷ மருந்து மட்டும் கிடையாது. 1972-லிருந்து 2001 வரை முப்பது வருஷம், அந்தத் தோட்டத்துக்கு வந்து போன உயிர்களை அவர் எண்ணினார். நடுவில் கடுமையான நரம்பு வியாதி வந்து நடமாட்டம் குறைந்தது, எண்ணுவது குறையவில்லை. முடிவில் கண்ட தொகை 2,673 இனங்கள். அவற்றில் பூச்சிகள் மட்டும் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விஞ்ஞானிகளே அதற்குமுன் கண்டிராத குளவிகள் சில, அந்தக் கத்தரிக்காய் அளவு தோட்டத்தில் அகப்பட்டன. வாட்டர்ட்டனுக்கு மூன்று மைல் மதில் வேண்டியிருந்தது. இந்த அம்மாளுக்கு வேலிக்கு உள்ளேயே உலகம் இருந்தது.

இதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1982-ல் ஒரு ரிட்டயர்டு மேஜர், மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் தோண்டும் கம்பிக் குழிகளில் முள்ளெலி விழுந்து ஏறமுடியாமல் சாவதைக் கண்டு, குழிதோறும் சாய்வுப் பலகை வைக்கச் சொல்லி முள்ளெலிக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1985-ல் லண்டன் செல்ஸீ மலர்க் கண்காட்சியில், கிரிஸ் பெய்ன்ஸ் என்பவர் குருவிக்கும் தவளைக்கும் பூச்சிக்குமான தோட்டம் ஒன்றை முதல் தடவையாக அமைத்துக் காட்டினார். ரோஜாவைத் தட்டில் வைத்துக் காட்டுகிற கனவான்கள் நடுவில் களைச்செடியைக் கொண்டு போய் வைக்கத் தைரியம் வேண்டும்! இன்று அந்நாட்டு ராஜாங்கத் தோட்டக்கலைச் சங்கமே, காய்ந்த விதைத் தலைகளை வசந்தம் வரை வெட்டாதீர்கள், ஒரு மூலையில் இலையைக் குவித்து வையுங்கள் என்று புத்தி சொல்லுகிறது.

இவ்வளவும் ஆன பிறகு 2020-ல் ஒரு செய்தி வந்தது. பிரிட்டனில் அழிந்து போகக்கூடிய பாலூட்டிகளின் பட்டியலில் முள்ளெலி சேர்க்கப்பட்டுவிட்டது. ஐந்து லட்சம் தலைகளை எண்ணிய காலத்தில் வராத நிலைமை, அதைக் கண்டாலே எல்லாரும் கொஞ்சுகிற காலத்தில் வந்தது. காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டாம். பாரிஷ் தர்மகர்த்தா தலைக்குக் காசு கொடுத்தார். ஆனால் ஊரைச் சுற்றி வேலிப்புதர் இருந்தது, சருகு இருந்தது, வயலில் வண்டு இருந்தது. கொன்றதைவிட அதிகம் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டு வேலிப்புதரைப் பிடுங்கியது, வயலுக்கு மருந்தடித்தது, சாலையில் காரை ஓட்டியது, தோட்டத்தைத் துடைத்தது. படத்தில் மட்டும் முள்ளெலியை வைத்துக்கொண்டது.

2022-ல் எடுத்த கணக்கில் ஒரு விசித்திரம் தெரிந்தது. கிராமப்புறங்களில் 2000-ம் வருஷத்திலிருந்து நூற்றுக்கு முப்பது முதல் எழுபத்தைந்து வரை குறைந்திருக்கிறது. பட்டணத்தில் அப்படி இல்லை; சரிவு நின்றுவிட்டது போலத் தெரிகிறது; சில இடங்களில் ஏறவும் தொடங்கியிருக்கலாமாம். பரந்த வயல் கைவிட்ட பிராணியைக் கொல்லைப்புறம் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு கொல்லை அதற்குப் போதாது. ஓர் இரவில் ஒரு மைல் அலைந்தால்தான் வயிறு நிறையும். வீட்டுக்கு வீடு பலகை வேலி நெருக்கமாக அடைத்திருந்தால், ஒரு தோட்டத்தில் எவ்வளவு சருகு குவித்து என்ன பயன்? அதற்காக 2011-லிருந்து ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. அடுத்த வீட்டுக்காரரோடு பேசி, வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துவாரம் போட வேண்டும். முள்ளெலி நுழையும், பெரும்பாலான வளர்ப்பு நாய்கள் நுழையா. அடுத்த வீட்டுக்காரரோடு பேசுவதுதான் கஷ்டமான பாகம் என்று நினைக்கிறேன். வீடு கைமாறி, புதிதாக வருகிறவர் இது என்ன ஓட்டை என்று அடைத்துவிடப் போகிறாரே என்று, துவாரத்துக்கு மேலே ஒரு சின்னப் பலகையும் அடித்து வைக்கிறார்கள். இது முள்ளெலி போகும் வழி என்று அதில் எழுதியிருக்கிறது.